மதினி பின்னால் போன பாதை

ஒத்தையடிப் பாதை ரேணுகாவின் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்து வாசலில் படுத்துக்கொண்ட அன்றைக்கு, அந்தப் பாதையை வெட்டிய நாகஜோதி அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் கண்ணில் வந்த தண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

முதலில் பார்த்தது அவள் அம்மா பேச்சியம்மாள்தான். மருமகள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிராய்த்த முழங்காலைக் கழுவக் குழாயடிக்குப் போகிறாள். அவள் போகிற பக்கமெல்லாம் ஒன்றரை அடி அகலத்தில் செம்மண்ணும் சருகும் வேரும் கல்லுமாக ஒரு பாதை பின்னாலேயே போகிறது. அவள் நின்றால் நிற்கிறது. அவள் திரும்பினால் சுருண்டு வழிவிட்டு, மறுபடியும் பின்னால் சேர்ந்துகொள்கிறது. அதன் மறுமுனை தெருவைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி, எங்கேயோ காட்டுக்குள் கிடந்தது.

"ஏத்தா ரேணுகா, பின்னால என்னமோ வருது பாரு."

"காட்டுலருந்தே வருது அத்தை. போ போன்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது."

"சரி, வந்தது வந்துருச்சு. செருப்பு கழட்டுற எடத்தோட நிக்கச் சொல்லு. இப்பத்தான் வீடு துடைச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. பாதை செருப்பு கழற்றுகிற இடத்தோடு நின்றது. உள்ளே நாகஜோதி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

கூழாங்கோம்பை மலை மேல் இருக்கிற ஊர். பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டினால் வனப்பூங்கா, பூங்காவுக்குள் சோலைக்காடு, காட்டுக்குள் காரும் ஜீப்பும் நுழைய முடியாத, ஒரு சைக்கிளுக்கு மட்டும் இடம் விடுகிற ஒத்தையடிப் பாதைகள். சனி ஞாயிறு ஆனால் மதுரையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஆட்கள் தடித்த டயர் வைத்த மலைச் சைக்கிள்களைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள். இறக்கத்தில் பாய்ந்து, வேரில் துள்ளி, வளைவில் சாய்ந்து, ஒருவர் இரண்டு பேர் விழுந்து, சேறும் சிராய்ப்பும் சிரிப்புமாகத் திரும்பிப் போவார்கள். அந்தப் பாதைகளை வெட்டுவதும், மழை அரித்த இடத்தைத் திரும்ப மூடுவதும் நாகஜோதியின் வேலை. வெட்டுவது மட்டுமில்லை, அதில் ஓட்டுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "ஜோதி எறங்குனா கல்லு தானா ஒதுங்கிக்கும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ரேணுகா வருகிற வரைக்கும் இருந்தது.

ரேணுகா கீழ்நாட்டுப் பெண், வெங்காயம் போடுகிற குடும்பம். பூங்கா வாசலில் சைக்கிள் பழுது பார்க்கிற தவசிலிங்கத்துக்கு, அதாவது நாகஜோதியின் அண்ணனுக்கு, வாழ்க்கைப்பட்டு மலை ஏறி வந்தவள். பள்ளிக்கூடம் போன காலத்தில் வாய்க்கால் வரப்பு மேலேயே சைக்கிள் ஓட்டிப் போய் வந்தவள் என்பதால், ஒரு அடி அகலத்தில் விழாமல் போவது அவள் உடம்பில் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. புது மாப்பிள்ளை தவசி பழைய பாகங்களைப் பொறுக்கி அவளுக்கென்று ஒரு மலைச் சைக்கிள் பூட்டிக் கொடுத்தான். நாகஜோதியின் சைக்கிளில் பின் பிரேக் கிறீச்சிடுகிறது என்று அவள் சொல்லி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு நேரம் வரவில்லை.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. "தவசி பொண்டாட்டி என்னமா ஓட்டுது." "கீழ்நாட்டுக்காரின்னு சொன்னா நம்ப முடியுமா." அம்மா கல்லில் வார்க்கிற முதல் தோசை மருமகள் தட்டுக்குப் போனது. இதையெல்லாம் நாகஜோதி ஒரு ஓரமாக அடுக்கி வைத்தாள், விறகு அடுக்குகிற மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பாதை வெட்டி முடிந்தது. அவள் வெட்டியதிலேயே நீளமானது, அழகானது. எங்கே தண்ணீர் இறங்கும், எங்கே சக்கரம் வழுக்கும், எங்கே ஓட்டுகிறவனுக்குப் பயம் வரவேண்டும், பயம் வந்த கையோடு எங்கே அவனுக்கு ஒரு பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து யோசித்து, மண்வெட்டியும் கடப்பாரையும் கையுமாக வெட்டிய பாதை. தூங்கும்போதும் அதன் ஏற்ற இறக்கத்துக்கு அவள் மூச்சு ஏறி இறங்கும் என்று அம்மா சொல்வாள்.

கூழாங்கோம்பையில் புதுப் பாதைக்கு ஒரு முறை உண்டு. வெட்டியவுடனே யாரும் அதில் ஏறக்கூடாது. ஒரு மழைக்காலம் அது தனியாக நனைந்து, தனியாகக் காய்ந்து, தன் மேடு பள்ளத்தைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதன் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, வெட்டியவர்தான் தன் சக்கரத்தால் அதை நசுக்கிக்கொண்டு முதல் தடம் போடவேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எப்போதும் வெட்டியவர்தான் முதலில் போனார், எந்தப் பாதையும் எங்கேயும் எழுந்து போனதில்லை, அதனால் கேட்கவேண்டி வரவில்லை.

மழை ஓய்ந்து, மண் இறுகி, அந்த நாள் வந்தது. பூங்கா மேலாளர் செபஸ்தியான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார், ஊரே கூடி நின்றது, எலுமிச்சம்பழம் பாதையின் வாயில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. டீக்கடை காதர் மைதீனுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னைக்கு யாரு மொதல்ல? ஜோதியா, இல்ல தவசி பொண்டாட்டியா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டார், விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே நாகஜோதிக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. தெரிந்ததும் காதுமடல் சுட்டது.

"மதினியே போகட்டும்" என்றாள்.

"ஏம்மா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் செபஸ்தியான்.

"இருக்கட்டும் சார். வீட்டுக்கு வந்த பொண்ணு. போகட்டும்."

பெரிய மனசு என்று ஊர் தலையாட்டியது. மூன்றாவது வளைவு முடிகிற இடத்தில், சருகுக்கு அடியில், அயினி மரத்து வேர் ஒன்று படுத்திருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேருக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டும். வேர் மேல் பிடித்தால் அது ஆளைத் தூக்கி வீசும். அவள் அதைச் சொல்லவில்லை.

ரேணுகா எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. அப்புறம் மரங்களுக்கு நடுவிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம் வந்தது, நாகஜோதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தவசி பதறி ஓடப் பார்த்தான். அதற்குள் காட்டுக்குள்ளிருந்து ரேணுகா சிரிப்பது கேட்டது. சிரித்து முடித்துவிட்டு அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. "ஏண்டா, மொத மொதல்ல வந்தவள இப்படியா கீழ தள்ளுவ? அடி பலமா போட்டுட்டடா, வலிக்குது. சரி, போகட்டும். நகரு, இன்னும் எவ்வளவு தூரம் வச்சிருக்க, பாப்போம்." மண்ணைத் தட்டிக் கொடுக்கிற சத்தமும் கேட்டது. பிறகு சங்கிலி ஓடுகிற சத்தம். கடைசி வரைக்கும் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பாதை அவள் பின்னால் வீட்டுக்கு வந்தது.

ஊருக்கு இது பழக அதிக நாள் ஆகவில்லை. காலையில் ரேணுகா சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவாள், பாதையும் கூடவே போய்த் தன் பழைய இடத்தில், அயினி மரத்துக்கும் பாறைக்கும் நடுவில், வளைவுக்கு வளைவு பிசகாமல் படுத்துக்கொள்ளும். அவள் ஓட்டி முடித்து அங்கே இருக்கிற வரைக்கும் மற்றவர்களும் ஓட்டலாம். அவள் வீட்டுக்குக் கிளம்பினால் பாதையும் கிளம்பிவிடும், பாதி இறக்கத்தில் இருந்த மதுரைக்காரர்கள் புல்லுக்குள் நின்று முழிப்பார்கள். அதனால் செபஸ்தியான் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு போர்டு எழுதி வைத்தார்: நீண்ட பாதை, ரேணுகா வந்த பிறகு திறக்கப்படும். வெளியூர்க்காரர்கள் காத்திருக்கப் பொறுக்காமல் வீட்டு வாசலுக்கே வந்து, "அக்கா சாப்பிட்டாச்சாங்க?" என்று தலைக்கவசத்தோடு எட்டிப் பார்த்தார்கள். காதர் மைதீன் டீக்கடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே போட்டுவிட்டார். ரேஷன் கடையில் ரேணுகா நிற்கும்போது வரிசை கோணாமல் நிற்பதற்குப் பாதை வசதியாக இருந்தது. அவள் கல்யாண வீடு போனால் பாதையும் போனது, பந்தியில் இலை போடுகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. மாசித் திருவிழாவுக்குச் சாமியை மேல்கோயிலுக்குத் தூக்குகிறவர்கள், மூச்சு வாங்காத ஏற்றம் இந்தப் பாதையில்தான் என்று கண்டுகொண்டு, ரேணுகாவை முன்னால் நடக்கவிட்டு அவள் பின்னால் வந்த பாதையில் சாமியைத் தூக்கிப் போனார்கள். மழை பெய்தால் மட்டும் பேச்சியம்மாள் கொஞ்சம் சத்தம் போடுவாள், "ஒடம்பெல்லாம் சேறு, திண்டுக்கு இந்தப் பக்கம் வந்த, பாத்துக்க" என்று. பாதை வாசல் குறட்டின் கீழே ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும். பெய்கிற மழையில் அது ஊறி, வீடு முழுக்க இலை அழுகிய வாசனையும் ஈர மண் வாசனையும் நிறையும். நாகஜோதி போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொள்வாள். அந்த வாசனை அவள் கைவாசனை. அவளுக்கு மட்டும் சொந்தமாக இருந்த வாசனை.

"ஜோதி வெட்டுன பாதைதான அது?" என்று யாராவது கேட்பார்கள்.

"வெட்டுனது ஜோதி. ஆனா அது தவசி பொண்டாட்டி பாதை" என்று இன்னொருவர் பதில் சொல்வார். குசும்பில்லை, வெறும் தகவலாகத்தான் சொல்வார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாதை அவளைத் துரத்தியிருந்தால் பரவாயில்லை, முள்ளால் குத்தியிருந்தால், ஒரு தடவை கீழே தள்ளியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அது அவளுக்கு மரியாதை கொடுத்தது. அவள் சைக்கிளில் ஏறினால் பாதை வேர்களை உள்ளே இழுத்துக்கொண்டு, கற்களை அமுக்கிக்கொண்டு, தார்ரோடு மாதிரி நேராகப் படுத்துவிடும். வாத்தியார் வந்தால் எழுந்து கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி. அதே பாதை ரேணுகாவின் சக்கரத்துக்கு அடியில் என்ன ஆட்டம் ஆடும் தெரியுமா, திடீரென்று ஒரு மேட்டை எழுப்பி அவளைத் தூக்கிப்போடும், அவள் கத்துவாள், வளைவில் ஓரத்தை உயர்த்தி அவளைத் தாங்கிப் பிடிக்கும், அவள் சிரிப்பாள், "கிறுக்கு, கிறுக்கு" என்று அவள் திட்டுகிறது டீக்கடை வரைக்கும் கேட்கும். நாகஜோதி வெட்டாத மேடு அது. அவளுக்குத் தெரியாமல் அது கற்றுக்கொண்ட விளையாட்டு.

அவள் சும்மா இருக்கவில்லை. யாரும் இல்லாத ஒரு மத்தியானம், வேறொரு எலுமிச்சம்பழத்தைப் பாதையின் வாயில் வைத்துவிட்டுச் சைக்கிளில் வந்தாள். சக்கரம் கிட்டே வந்ததும் பாதை லேசாக, வலிக்காத மாதிரி, ஒரு பக்கம் சரிந்தது. பழம் உருண்டு புல்லுக்குள் போய்விட்டது. திரும்ப வைத்தாள், திரும்ப உருண்டது. கால் வலிக்கிற மட்டும் வைத்தாள். இன்னொரு நாள் அதை மூடிவிட்டாள். பழுதான பாதையை மூடுகிற மாதிரி முள்ளையும் மரக்கிளையையும் வெட்டிக் குறுக்கே போட்டாள். சாயங்காலம் ரேணுகா ரவிக்கைத் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது பாதை முள்ளையும் கிளையையும் இழுத்துக்கொண்டே பின்னால் போனது.

"யாருத்தா இது மேல முள்ள அள்ளிப் போட்டது, பாவம்" என்று தெருவில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள் ரேணுகா.

"நான்தான் மதினி. மழை அரிப்பு விழுந்திருந்துச்சு, மூடி வச்சேன்" என்றாள் அந்தப் பக்கமாக வந்த நாகஜோதி.

ரேணுகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியாததா, ஜோதி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பாதையும் அப்படித்தான் நினைக்கிற மாதிரி அசையாமல் கிடந்தது.

பிறகு ரேணுகாவுக்கு நாள் தள்ளிப்போனது. சைக்கிளைத் தொடக் கூடாது என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள். செபஸ்தியானின் போர்டு சும்மா நின்றது, மதுரைக்காரர்கள் பழைய குட்டைப் பாதைகளிலேயே சுற்றிவிட்டுப் போனார்கள். நாகஜோதியின் நெஞ்சுக்குள் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. இனி ஓட்ட ஆள் இல்லை; ஓடாத பாதையில் புல் முளைக்கும்; புல் முளைத்தால் அதற்கு மண்வெட்டி பிடித்த கை ஞாபகம் வரும். காலையில் கிளம்பும்போது வேண்டுமென்றே சங்கிலியைச் சத்தமாகச் சுற்றிவிட்டு நின்று பார்ப்பாள். பாதை அசையாது.

ஒரு சாயங்காலம் ரேணுகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வாசலுக்கும் குழாயடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நாகஜோதி திண்டில் இருந்து பார்த்தாள். பாதை இப்போது பின்னால் வரவில்லை. முன்னால் போனது. ரேணுகாவின் கால் படப்போகிற இடத்தில் ஒவ்வொரு கல்லாக உள்ளே வாங்கி, ஒவ்வொரு வேராக மடக்கி, சருகைப் பரப்பி மெத்தென்று ஆக்கிவிட்டு, அப்புறம்தான் அவள் காலுக்குக் கீழே வந்தது. தனக்கு அது மடக்கின வேரும் இதுவும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது கைகட்டினது. இது கை கொடுத்தது. அன்றைக்கு அவள் சோற்றில் கைவைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு ரேணுகாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக அவள் பிறந்த வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. செபஸ்தியான் ஓடி வந்தார்.

"ஏம்மா, பாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா. பூங்காவே அத நம்பித்தான் இருக்கு."

ரேணுகா குனிய முடியாமல் குனிந்து, பாதையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "நீ இங்கனயே இருடா. ஜோதி பாத்துக்குவா. உன்ன வெட்டுனதே அவதான், தெரியும்ல?"

வேன் கிளம்பியது. பாதை கொஞ்ச நேரம் வாசலில் கிடந்தது. ஊர் முழுக்க அதையே பார்த்தது. நாகஜோதி மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்; இருந்துவிடு என்று சொல்ல வாய் வந்தது; இத்தனை பேருக்கு முன்னால் கேட்டு அது மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டாள். பாதை அசைந்தது. காட்டுக்குள் கிடந்த மறுமுனை சரசரவென்று இழுபட்டு வந்தது, அயினி மரத்து வேர் வந்தது, பள்ளத்தாக்கு தெரிகிற வளைவு வந்தது, அவள் உட்கார்ந்து யோசித்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக அவள் காலடியைக் கடந்து போனது. கொண்டை ஊசி வளைவுகளில் வேனுக்குப் பின்னால் அது இறங்குவதை ஊர் விளிம்பில் நின்று பார்த்தார்கள். எதிரே வந்த பஸ்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டு, ஒரு ஹாரன் அடித்தார்.

"அன்னைக்கு அந்தப் பழத்த நீ நசுக்கியிருக்கணும்" என்றார் காதர் மைதீன், டீக்கடையை மறுபடியும் பழைய இடத்துக்குத் தூக்கிக்கொண்டே.

"உங்க வாய முதல்ல நசுக்கியிருக்கணும் பாய்" என்றாள் நாகஜோதி.

அவள் புதுசாக ஒன்று வெட்டினாள். பழையது கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதைவிடச் சுத்தமாக. வெயிலில் வெட்டி, மழையில் நனைய விட்டு, முறைப்படி எலுமிச்சம்பழம் வைத்துத் தன் சக்கரத்தாலேயே நசுக்கி முதல் தடம் போட்டாள். பழம் உருளவில்லை. நல்ல பாதை அது. வெளியூர்க்காரர்கள் மெச்சினார்கள். அவள் ஓட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போது, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தடவை, தெரு முனையில் ஒரு தடவை, திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் வரவில்லை. வெட்டிப் போட்ட இடத்திலேயே அது கிடந்தது.

குழந்தை பிறந்த சேதியை, கீழ்நாட்டுக்குப் பார்க்கப் போயிருந்த தவசி போனில் சொன்னான். "பொம்பளப் பிள்ளைடி. அத்தை ஆயிட்ட."

"பாதை எங்கண்ணே படுத்திருக்கு?"

"அடியே, பிள்ளை பொறந்திருக்குங்கறேன், பாதையக் கேக்குற!"

"பிள்ளை யாரு மாதிரிண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, "பாதை எங்க படுத்திருக்கு?" என்று மறுபடியும் கேட்டாள்.

தொட்டிலுக்கு அடியில் படுத்திருந்ததாம். மேடே இல்லாத அந்தக் கீழ்நாட்டில், வெங்காயக் காட்டுக்கு நடுவே, அது ஒரு மலை இறக்கத்தை விரித்துக்கொண்டு கிடந்ததாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாடகைச் சைக்கிளில் வந்து இறங்கி இறங்கி ஏறினார்களாம்.

பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் ரேணுகாவைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வேனுக்கு முன்னாலேயே பாதை வந்துவிட்டது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று காதர் மைதீன் தெருவில் ஓட, ஊர் வாசலுக்கு வாசல் எட்டிப் பார்க்க, செம்மண்ணும் சருகும் இடையில் கொஞ்சம் வெங்காயத் தோலுமாக அது தெருவில் ஏறி வந்து வீட்டு வாசலில் வளைந்து நின்றது. நாகஜோதி முற்றத்தில் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எழவில்லை. கையில் கிரீஸ் என்பது அவளுக்கு ஒரு சாக்காக இருந்தது.

வேன் நின்றது. ரேணுகா இறங்கி வெறுங்கையோடு உள்ளே நடந்து வந்தாள். பாதை வரவில்லை. தவசி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பாதை அவன் காலடியில் ஓடிப் போய்ச் சேர்ந்தது. அவன் குழந்தையை முற்றத்தில் இறக்கிவிட்டான். அது இரண்டு கையையும் மண்ணில் ஊன்றியதும் பாதை அவனை விட்டுவிட்டு அந்தக் கைகளுக்கு அடியில் போய், ஒரு கையளவு அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, முன்னால் முன்னால் விரிந்தது.

நாகஜோதி ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"அது இப்ப என் பின்னால வர்றதில்ல, ஜோதி" என்றாள் ரேணுகா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. "பாப்பா மொதமொதல்ல தவழ்ந்தது அது மேலதான். அன்னையிலருந்து இப்படித்தான். நான் கூப்பிட்டா, என்னான்னு கேக்குற மாதிரி திரும்பிப் பாக்குது. அவ்வளவுதான். நேத்து ஓட்டிப் பாத்தேன்... ரோடு மாதிரி நேராப் படுத்துக்கிருச்சு."

அது எப்படி இருக்கும் என்று நாகஜோதிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழந்தைக்கு, தலைகீழாக நின்ற சைக்கிளின் பின்சக்கரம் கண்ணில் பட்டுவிட்டது. சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கம்பிகளில் வெயில் பட்டுப் பட்டுத் தெறித்தது. குழந்தை கெக்கலி கொட்டிக்கொண்டு அதை நோக்கித் தவழ்ந்தது, பாதை அதற்கு முன்னால் ஓடியது, முற்றத்தைக் கடந்து, ஸ்பானரைக் கடந்து, நாகஜோதியின் பாதம் வரைக்கும். குழந்தை சக்கரத்தை எட்ட முடியாமல், பக்கத்தில் இருந்த அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. விழப்போனது. நாகஜோதி கிரீஸ் கையோடே அள்ளித் தூக்கிவிட்டாள்.

தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்போது அவள் வெறுங்காலுக்குக் கீழே செம்மண் மெள்ள வந்து சேர்ந்தது. ஈரமாக, சில்லென்று. அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். பாதை நேராகப் படுக்கவில்லை. இன்னொரு அடி வைத்தாள். உள்ளங்காலில் ஒரு வேர், அவள் சொல்லாமல் விட்ட அதே அயினி மரத்து வேர், எழும்பி ஒரு குறுகுறுப்புக் காட்டிவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், ஊர் அதுவரைக்கும் கேட்காத ஒரு சிரிப்பு. அவள் முற்றத்தை ஒரு சுற்று சுற்ற, பாதையும் ஒரு சுற்று வந்து, அவள் காலைச் சுற்றி வளைந்து படுத்தது.

"குடு ஜோதி, புள்ளைக்குப் பசிக்கும்" என்று ரேணுகா இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்பத்தான மதினி தூக்குனேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"அழுவா."

"அழல. பாருங்க, எங்க அழறா?"

ரேணுகாவின் கைகள் நீட்டியபடியே நின்றன. நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அந்தக் கண்ணும், இறுகின அந்தத் தாடையும், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சிரிக்கப் பார்க்கிற அந்த உதடும். பல் துலக்கும்போது குழாயடிக் கண்ணாடியில் தினமும் அவள் பார்த்த முகம் அது. கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் கை தளர்ந்தது. காலுக்கடியில் வேர் மறுபடியும் ஒரு குறுகுறுப்புக் காட்டியது.

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, காட்டுப் பக்கமாக நடந்தாள். பாதை முன்னால் ஓடியது.